சுமை இறங்கிய பிக்கப்

பிக்கப் டிரக் என்று அமெரிக்கர் அழைக்கும் சிறு சுமைவண்டி, முன்னால் ஓட்டுநர் அறையும் பின்னால் திறந்த சரக்குத் தொட்டியுமாக, அரை டன் பாரத்தை ஏற்றிக்கொண்டு கரடுமுரடான பண்ணைப் பாதையில் தடுமாறாமல் செல்வதற்காக உருவானது. வளைவில் விரைந்து திரும்புவதை அதன் வடிவமைப்பாளர்கள் ஒரு தேவையாகவே கருதவில்லை. பாரம் ஏறும்போது பின்பகுதி தாழ்ந்துவிடாதிருக்க விறைப்பான வில்கள், தாழ்ந்தாலும் தரையில் இடிக்காதிருக்க உயரமான இரும்புச் சட்டகம், பாரம் பின்னால் வரும் என்ற கணக்கில் முன்னால் குவிந்த எஞ்சின் எடை என்று அந்த வண்டியின் ஒவ்வொரு இயல்பும் சுமை என்ற ஒரே காரணத்திலிருந்து பிறந்தது. சுமையை நிரந்தரமாக இறக்கிவிட்டால் காரணம் மறைந்துவிடுகிறது, அதன் விளைவுகள் மட்டும் வண்டியில் தங்கிவிடுகின்றன. பழைய பிக்கப் ஒன்றைச் சாலையில் ஓட்டும் உரிமையை இழக்காமலே ஆட்டோகிராஸ் பந்தயத்துக்கு ஆயத்தப்படுத்தும் வேலை, தங்கிவிட்ட அந்த விளைவுகளை அடையாளம் கண்டு ஒவ்வொன்றாகத் திருத்தும் வேலையே தவிர, பெரிய எஞ்சினைப் பொருத்தும் வேலை அன்று.

ஆட்டோகிராஸ் என்பது அமெரிக்காவில் கடிகாரத்தை மட்டுமே எதிராளியாகக் கொண்ட பந்தயம். விசாலமான கார் நிறுத்துமிடத்திலோ பயன்பாட்டில் இல்லாத விமான ஓடுதளத்திலோ ஆரஞ்சு நிறக் கூம்புகளை வைத்து வளைவுகளும் வாயில்களும் நிறைந்த ஒரு தடம் அமைக்கப்படும்; போட்டியாளர்கள் முதலில் அதை நடந்து பார்த்து மனத்தில் பதித்துக்கொள்வார்கள்; பிறகு ஒவ்வொரு வண்டியும் தனித்தனியாக அதில் ஓடி முடிக்கும். ஒரு சுற்று பெரும்பாலும் ஒரு நிமிடத்தை ஒட்டியே முடிந்துவிடும், வேகமும் நெடுஞ்சாலை வேகத்தைப் பெரிதாகத் தாண்டாது, ஆனால் அந்த ஒரு நிமிடத்தில் நேராகச் செல்லும் கணங்கள் மிகக் குறைவு. ஸ்போர்ட்ஸ் கார் கிளப் ஆஃப் அமெரிக்கா என்ற அமைப்பின் விதிகளின்படி ஒரு கூம்பைச் சாய்த்தால் 2 விநாடி கூட்டப்படும். ஒரு வாயிலைத் தவறவிட்டால் அந்தச் சுற்றே கணக்கில் சேராது. நூறில் ஒரு பங்கு விநாடியில் வெற்றி தீர்மானமாகும் போட்டியில் 2 விநாடி என்பது மீட்க முடியாத இழப்பு என்பதால், துணிச்சலைவிடத் துல்லியத்துக்கே இங்கே மதிப்பு அதிகம்.

1944-ல் தொடங்கப்பட்ட அந்த அமைப்பு, கவிழ வாய்ப்புள்ள வண்டிகளை இந்தப் போட்டியில் அனுமதிப்பதில் கடுமையான எச்சரிக்கை காட்டுகிறது. வண்டியின் உயரம் அதன் இடது, வலது சக்கரங்களுக்கு இடையிலான சராசரி அகலத்தைவிட மிகுதியாக இருந்தால் அது களத்துக்கு ஏற்றதன்று என்பது அந்த எச்சரிக்கையின் அடிப்படை. இந்த அளவுகோலில் தொழிற்சாலையிலிருந்து வந்த நிலையில் உள்ள பிக்கப்கள் பல தோற்றுவிடும். எனவே தாழ்த்துவது என்பது பிக்கப்பைப் பொறுத்தவரை அழகு சார்ந்த விருப்பமாக இல்லாமல் நுழைவுத் தகுதியாகவே அமைந்துவிடுகிறது.

எல்லாப் பழைய பிக்கப்களும் இந்த மாற்றத்துக்கு ஒரே அளவில் இடம் கொடுப்பதில்லை. அமெரிக்காவில் இந்த வேலையில் இறங்குவோரின் கை மிகுதியும் நாடுவது செவ்ரோலே நிறுவனத்தின் சி10 வண்டியை, அதிலும் 1967 முதல் 1972 வரை வந்த தலைமுறையை. பெயரில் உள்ள ‘சி’ இரு சக்கர இயக்கத்தையும் ‘10’ அரை டன் தரத்தையும் குறிக்கின்றன. இதன் குட்டைத் தொட்டி வடிவத்தில் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 115 அங்குலமும் நீளத் தொட்டி வடிவத்தில் 127 அங்குலமும் இடைவெளி இருக்கும். கூம்புகளுக்கு இடையே வளைந்து செல்ல வேண்டிய வண்டிக்கு அந்தப் பன்னிரண்டு அங்குலம் பெரிய வேறுபாடு என்பதால் குட்டை வடிவத்துக்கே மதிப்பு கூடுதல். அதனாலேயே நீளமான சட்டகத்தை வாங்கி, அறுத்து, குறுக்கிப் பற்றவைக்கும் பட்டறைகளும் உண்டு. ஏராளமாக உற்பத்தியானதால் உதிரிபாகங்கள் இன்றும் புதிதாகச் செய்து விற்கப்படுகின்றன என்பது மற்றொரு வசதி.

ஆனால் சி10 விரும்பப்படுவதற்கான ஆழமான காரணம் அதன் பின்சக்கர அமைப்பில் இருக்கிறது. அக்காலத்துச் சுமைவண்டிகள் பெரும்பாலானவற்றில் பின்னச்சு, கமான் பட்டைகள் எனப்படும் அடுக்கடுக்கான எஃகுத் தகடுகளின் மேல் அமர்ந்திருந்தது. கமான் பட்டை பாரத்தையும் தாங்க வேண்டும், அச்சை அதன் இடத்திலும் பிடித்து வைக்க வேண்டும். இரண்டு வேலைகளையும் ஒரே பொருள் செய்வதால் ஒன்றுக்காக அதை மாற்றினால் மற்றொன்று கெடும். செவ்ரோலே 1960-ல் தன் அரை டன் வண்டிகளில் வேறு வழியைப் பின்பற்றியது. பாரத்தைத் தாங்கும் பொறுப்பைச் சுருள்வில்களிடம் கொடுத்துவிட்டு, அச்சை முன்பின் நகராமல் பிடிக்கும் பொறுப்பை இரண்டு நீண்ட கைகளிடம் ஒப்படைத்தது. அச்சோடு இறுக்கிப் பிணைக்கப்பட்ட அந்தக் கைகள் முன்னோக்கிச் செல்லச் செல்ல ஒன்றையொன்று நெருங்கி, சட்டகத்தின் நடுப்பகுதியிலுள்ள குறுக்குச் சட்டத்தில் போய்ச் சேரும்.

சரக்கு ஏற்றும் விவசாயியின் முதுகுவலியைக் குறைக்கத் தோன்றிய இந்த ஏற்பாட்டை அமெரிக்காவின் புகழ்பெற்ற நாஸ்கார் பந்தயக் குழுக்கள் எடுத்துக்கொண்டன; ‘டிரக் ஆர்ம்’ என்ற பெயரோடு அது அந்தப் பந்தயத்தின் உச்சப் பிரிவில் 2021 பருவம் முடியும்வரை நிலைத்திருந்து, 2022-ல் புதிய தலைமுறை வண்டி வந்த பிறகே விலகியது. மணிக்கு முந்நூறு கிலோமீட்டரைத் தொடும் பந்தயக் கார்களின் பின்னச்சைப் பல பத்தாண்டுகள் பிடித்து வைத்திருந்தது ஒரு பண்ணை வண்டியின் ஏற்பாடு என்பது பொறியியல் வரலாற்றில் வியந்து பார்க்க வேண்டிய செய்தி. பழைய சி10 ஒன்றை வாங்குபவர், தாம் அறிந்தோ அறியாமலோ, களத்தில் நிரூபிக்கப்பட்ட ஒரு பின்னமைப்பையும் சேர்த்தே வாங்குகிறார்.

இந்தக் கைகளில் ஒரு நுட்பம் உண்டு. இது தெரியாமல் பணத்தை வீணாக்குவோர் பலர். தொழிற்சாலையில் செய்யப்பட்ட கை, முதுகோடு முதுகாக வைத்து இணைத்த இரண்டு பள்ளத் தகடுகளால் ஆனது. மேலும் கீழும் வளையாது, ஆனால் கயிற்றை முறுக்குவது போன்ற விசைக்குச் சற்றே இணங்கும். வண்டி வளைவில் ஒரு பக்கம் சாயும்போது அச்சின் ஒரு முனை உயர்ந்து மறுமுனை தாழ வேண்டும். அச்சோடு இறுகப் பிணைந்த கைகள் முறுக்கத்துக்கு இணங்கினால்தான் அது நடக்கும். பலம் கூட்டுவதாக நினைத்து நான்கு பக்கமும் மூடிய பெட்டிக் குழாயால் புதிய கைகளைச் செய்து, முனையில் இணங்கும் மூட்டும் இல்லாமல் பொருத்தினால், பின்பகுதி முழுவதும் இளகாத ஒரே கட்டையாகி, வளைவின் நடுவே பிடிப்பு எச்சரிக்கையின்றி அறுந்துபோகும்.

வளைவில் வண்டிக்கு என்ன நேர்கிறது என்பதைக் கணக்காகப் பார்த்தால் மற்ற மாற்றங்களின் காரணம் விளங்கும். வண்டி திரும்பும்போது உட்பக்கச் சக்கரங்களின் மேலிருந்த எடையின் ஒரு பகுதி வெளிப்பக்கச் சக்கரங்களுக்கு மாறுகிறது. எவ்வளவு மாறும் என்பது மூன்று அளவுகளைப் பொறுத்தது: வண்டியின் எடை, அதன் ஈர்ப்பு மையத்தின் உயரம், இடது வலது சக்கரங்களுக்கு இடையிலான அகலம். எடுத்துக்காட்டாக 1,700 கிலோ எடையுள்ள வண்டியின் ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 65 சென்டிமீட்டர் உயரத்திலும் சக்கர அகலம் 160 சென்டிமீட்டராகவும் இருப்பதாகக் கொண்டால், புவியீர்ப்புக்குச் சமமான பக்கவாட்டு விசையில் ஏறத்தாழ 690 கிலோ எடை வெளிப்பக்கம் போய்விடும். அதே வண்டியின் ஈர்ப்பு மையத்தைப் பத்து சென்டிமீட்டர் இறக்கினால் அது 584 கிலோவாகக் குறையும். டயரின் பிடிப்பு அதன் மேல் ஏறும் எடைக்கு நேர் விகிதத்தில் வளர்வதில்லை. எடை இரு மடங்கானால் பிடிப்பு இரு மடங்குக்குக் குறைவாகவே கூடும். ஆகவே நான்கு டயர்களும் இயன்றவரை சமமாக எடையைப் பகிர்ந்துகொள்ளும் வண்டியே வளைவில் வேகமானது. தாழ்த்தும் வேலையால் கிடைக்கும் அந்த நூறு கிலோ ஆதாயத்தை எந்த எஞ்சினும் தர முடியாது.

தாழ்த்துவதில் நல்ல வழியும் கெட்ட வழியும் உண்டு. சுருள்வில்லை அறுத்துக் குட்டையாக்குவது மலிவு, ஆனால் சக்கரத்தைத் தாங்கும் கைகள் அதனால் தவறான கோணத்தில் மேல்நோக்கி நின்றுவிடும், சக்கரம் மேலெழும்பக் கிடைக்கும் இடமும் சுருங்கும். முன்பக்கத்துக்கு ஏற்ற வழி, சக்கரம் சுழலும் ஊசி அச்சை அதன் தாங்கியில் இரண்டரை அங்குலம் மேலே அமைத்துச் செய்த மாற்றுத் தாங்கியைப் பொருத்துவது. கைகளின் கோணம் மாறாமலே உடல் முழுவதும் அந்த அளவுக்கு இறங்கிவிடும். பின்பக்கத்தில் குட்டையான வில்களைப் பொருத்தினால் அச்சு, தனக்கு மேலே செல்லும் சட்டகத்தை நெருங்கி, மேட்டில் ஏறும்போது அதை இடிக்கும் என்பதால், அந்த இடத்தில் சட்டகத்தின் அடிப்பகுதியைப் பிறை வடிவில் வெட்டி எடுத்துவிட்டு, இழந்த பலத்தை ஈடுசெய்யத் தடித்த எஃகு வலுவூட்டியைச் சுற்றிலும் பொருத்துவார்கள். அச்சு நகர்ந்த பிறகு, எஞ்சினின் விசையைப் பின்னச்சுக்குக் கொண்டுசெல்லும் சுழல்தண்டின் மூட்டுக் கோணங்களும் மாறியிருக்கும். அவற்றை மீண்டும் அளந்து ஆப்பு வைத்துச் சரிசெய்யாவிட்டால் நெடுஞ்சாலையில் வண்டி அதிர்ந்துகொண்டே இருக்கும்.

முன்சக்கரங்கள் நிற்கும் கோணங்களே இந்த வேலையில் மிகுந்த பொறுமையைக் கேட்கும் பகுதி. முன்னாலிருந்து பார்க்கையில் சக்கரம் உள்நோக்கியோ வெளிநோக்கியோ சாய்ந்திருக்கும் அளவு கேம்பர் எனப்படும். வளைவில் உடல் வெளிப்பக்கம் சாயும்போது, வெளிப்புறச் சக்கரமும் உடன் சாய்ந்து, டயர் தன் முழு அகலத்தில் நிற்காமல் வெளி விளிம்பில் மட்டும் நிற்கத் தொடங்கும். பழைய பிக்கப்பின் முன்பக்க ரப்பர் ஓரங்களில் மட்டும் தேய்ந்து கிடப்பதற்கு அதுவே காரணம். மேல் கையைக் குட்டையாகவும் தக்க சரிவிலும் அமைத்து, மேல் மூட்டை உயர்த்தினால், வில் அமுங்க அமுங்கச் சக்கரத்தின் தலை உள்நோக்கி இழுக்கப்பட்டு, உடலின் சாய்வை அது ஈடுசெய்யும். குழாய்களால் செய்த மாற்றுக் கைகளை விற்பவர்கள் விற்பது உண்மையில் இந்தக் கோணத்தைத்தான்.

பக்கவாட்டிலிருந்து பார்க்கையில், சக்கரம் திரும்பும்போது அதற்கு அச்சாக நிற்கும் கோடு பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் அளவு காஸ்டர். பவர் ஸ்டீயரிங் இல்லாத காலத்தில், கைக்கு இலகுவாக இருக்க இந்தச் சாய்வை மிகக் குறைவாகவே வைத்தார்கள். இப்போது ஸ்டீயரிங்குக்கு எண்ணெய் அழுத்தத்தின் துணை இருப்பதால், ஐந்து பாகை வரையோ அதற்கு மேலோ கூட்டலாம். கூட்டினால் நேர்ச்சாலையில் வண்டி தானாகவே நேராகச் செல்லும், திருப்பும்போது வெளிச்சக்கரம் வளைவை நோக்கிச் சாய்ந்து பிடிப்பையும் வளர்க்கும். இவற்றோடு, மேடு பள்ளத்தில் சக்கரம் ஏறி இறங்கும்போது ஓட்டுநர் தொடாமலே அது திசை மாறும் குறை ஒன்று உண்டு. ஸ்டீயரிங் இணைப்புத் தண்டும் சக்கரக் கையும் வெவ்வேறு வட்டங்களில் ஏறி இறங்குவதே அதன் மூலம். தண்டின் முனையைச் சில மில்லிமீட்டர் உயர்த்தியும் தாழ்த்தியும், சக்கரத்தை ஜாக்கியால் படிப்படியாக ஏற்றி, ஒவ்வொரு படியிலும் அளந்து பார்த்துத்தான் இதைத் தீர்க்க முடியும். ஒரு முழு நாளை விழுங்கக்கூடிய, வெளியிலிருந்து பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியாத இந்த வேலையில்தான் நல்ல வண்டியும் பகட்டு வண்டியும் பிரிகின்றன.

பின்னச்சு இடம் வலமாக நழுவாமல் தடுக்க, ஒரு முனை அச்சிலும் மறுமுனை சட்டகத்திலும் பிணைந்த குறுக்குத் தண்டு உண்டு; அதற்குப் பான்ஹார்ட் தண்டு என்று பெயர். தண்டு குட்டையாக இருந்தால் அச்சு மேலெழும்பும்போது ஒரு பக்கமாக வீசப்படும், நீளமாக இருந்தால் அந்த வீச்சு குறையும் என்பது எளிய வடிவியல். பழைய தண்டை எடுத்துவிட்டுச் சட்டகத்தின் அகலத்தை இயன்றவரை நிரப்பும், நீளத்தைத் திருகிச் சரிசெய்யத்தக்க தண்டைப் பொருத்துவது, செலவு குறைந்த மாற்றங்களில் பயன் மிகுந்தது. வண்டியின் இரு பக்கச் சக்கரங்களையும் முறுக்குத் தண்டால் இணைத்துச் சாய்வைக் குறைக்கும் ஆன்ட்டி ரோல் பார் முன்னாலும் பின்னாலும் வரும். முன்னதைத் தடிப்பாக்கினால் வண்டி திரும்பத் தயங்கும், பின்னதைத் தடிப்பாக்கினால் வால் வீசும், எனவே இரண்டுக்கும் இடையிலான விகிதத்தை மாற்றியே ஓட்டுநர் தமக்கு ஏற்ற குணத்தை வண்டிக்குக் கொடுக்கிறார்.

வெற்றுப் பிக்கப்பின் எடையில் ஐந்தில் மூன்று பங்கை ஒட்டிய அளவு முன்சக்கரங்களின் மேல் இருக்கும். மாட்டு வண்டியில் மூட்டை ஏற்றுபவர் முன்பாரம் பின்பாரம் பார்த்து நகர்த்தி வைப்பதைப் போல, இங்கேயும் நகர்த்தக்கூடிய பொருள்களைப் பின்னுக்குத் தள்ளுவதே வழி. பாட்டரியைத் தொட்டிக்குக் கீழே கொண்டுபோகலாம், எஞ்சினையே சில அங்குலம் ஓட்டுநர் அறையை நோக்கித் தள்ளி அமர்த்தலாம். இந்தத் தலைமுறைச் சி10-ல் எரிபொருள் தொட்டி ஓட்டுநர் அறைக்குள்ளேயே, இருக்கையின் முதுகுக்குப் பின்னால் இருந்தது. அதை அகற்றிப் பின்னச்சுக்குப் பின்னால் சட்டகத்தின் இரு சட்டங்களுக்கு நடுவே புதிய தொட்டியைத் தொங்கவிட்டால் எடையும் பின்னுக்கும் கீழுக்கும் போகிறது, ஓட்டுநரின் முதுகோடு ஒட்டியிருந்த பெட்ரோலும் வெளியேறுகிறது. மொத்த மாற்றத்திலும் தயங்காமல், வேறு எதையும் தொடும் முன்பே செய்ய வேண்டியது இது ஒன்றுதான். பந்தயத்துக்கே போகாத வண்டிக்கும் இது பொருந்தும்.

டயரைப் பற்றிய விதி சாலைக்கும் களத்துக்கும் பாலமாக நிற்கிறது. அமெரிக்காவில் விற்கப்படும் கார் டயர்களின் பக்கச் சுவரில் தேய்மானத்தைக் குறிக்கும் ஓர் எண் பொறிக்கப்பட்டிருக்கும்; எண் கூடினால் டயர் நீடித்து உழைக்கும், பொதுவாகப் பிடிப்பு குறையும். சாலை வண்டிகளுக்கான பிரிவுகளில் அந்த எண் 200-க்குக் குறையக் கூடாது என்று போட்டி அமைப்பாளர்கள் விதிப்பதால், ஒரு சுற்றில் உருகிப் போகும் பந்தய ரப்பரோடு வருவதற்கு வழியில்லை. பின்சக்கரங்கள்தாம் வண்டியைத் தள்ளுகின்றன என்ற எண்ணத்தில் பலர் பின்னால் 315 மில்லிமீட்டர் அகல டயரையும் முன்னால் 245 மில்லிமீட்டர் டயரையும் மாட்டுகிறார்கள். நின்று பார்க்க அது கம்பீரம்தான். ஆனால் எடையின் பெரும்பகுதி முன்னால் இருக்கும் வண்டியில் திருப்பும் வேலையும் நிறுத்தும் வேலையின் பெரும்பங்கும் முன் டயர்களுடையவை என்பதால், சக்கர வளைவுக்குள் இடிக்காமல் நுழையும் மிக அகலமான டயரை முன்னால் மாட்டுவதே அறிவுடைய செயல்.

பிரேக்கில் சுமையின் நிழல் மீண்டும் வருகிறது. 1971-க்கு முந்தைய வண்டிகளில் நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக்குகள் இருந்தன. 1971-ல்தான் முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக் இயல்பாக வந்தது, சக்கரத்தைப் பிணைக்கும் ஆறு போல்ட்டுகளும் ஐந்தாகின. 1966 வரை வந்த வண்டிகளில் பிரேக் எண்ணெய் ஒற்றைச் சுற்றில் ஓடியதால், ஒரு குழாய் உடைந்தால் நான்கு சக்கரங்களின் பிரேக்கும் போய்விடும். அவற்றில் இரட்டைச் சுற்றுக்கு மாறுவது கட்டாயம் என்றே கொள்ள வேண்டும். இவற்றைச் சரிசெய்த பின்னும் ஒரு சிக்கல் எஞ்சும். வெற்றுத் தொட்டியோடு கடுமையாக நிறுத்தினால் பின்சக்கரங்களின் மேலிருக்கும் சிறிதளவு எடையும் முன்னே ஓடிவிட, அவை பூட்டிக்கொண்டு வண்டி குறுக்கே திரும்பும். பின்பக்கம் செல்லும் எண்ணெய் அழுத்தத்தைத் திருகிக் குறைக்கும் அடைப்பிதழ் ஒன்றைப் பொருத்தி, ஆளில்லாத இடத்தில் ஓட்டிப் பார்த்து, முன்சக்கரங்கள் சற்றே முந்திப் பூட்டும் நிலையில் அதை நிறுத்துவார்கள்.

எஞ்சினைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். ஜெனரல் மோட்டார்ஸ் 1997-ல் கார்வெட் காரோடு அறிமுகப்படுத்திய எல்எஸ் வகை வி8 எஞ்சின்கள், 1999 முதல் அந்த நிறுவனத்தின் பிக்கப்களிலும் வந்ததால், விபத்தில் சிதைந்த வண்டிகளை உடைத்து விற்கும் கடைகளில் அவை மலிவாகக் கிடைக்கின்றன. 5.3 லிட்டர் கொள்ளளவுள்ள சாதாரண டிரக் எஞ்சினே ஆட்டோகிராஸ் தடத்துக்குத் தேவையானதைவிடக் கூடுதல் ஆற்றலைத் தரும். முன்னெடையைக் குறைக்க விரும்புவோர் அலுமினிய உடல் கொண்ட எஞ்சினைத் தேடுவார்கள். ஆற்றலைவிட முக்கியமானது எண்ணெய். நீண்ட வளைவில் எஞ்சின் எண்ணெய் அடித்தொட்டியின் ஒரு பக்கமாக ஒதுங்கிவிட்டால், உறிஞ்சு குழாய் காற்றை இழுத்து, தாங்கிகள் நொடிகளில் உருகிப்போகும். தடுப்புச் சுவர்கள் அமைந்த அடித்தொட்டி அதைத் தடுக்கிறது. எரிபொருள் தொட்டிக்கும் இதே நியாயம். உட்சக்கரம் வீணாகச் சுழன்று ஆற்றலைத் தின்னாமல் இரு பின்சக்கரங்களுக்கும் அதைப் பகிரும் கட்டுப்பாடுள்ள டிஃபரன்ஷியல் இல்லாவிட்டால், எவ்வளவு பெரிய எஞ்சினும் புகையை மட்டுமே உண்டாக்கும்.

சாலையில் ஓட்டத்தக்கதாக இருப்பது என்பது இந்த வேலைக்கு வெளியிலிருந்து வந்த தடையாகத் தோன்றலாம். உண்மையில் இதன் பண்பை நிர்ணயிப்பதே அதுதான். கிளாசிக் அமெரிக்கன் மசில் என்ற போட்டிப் பிரிவில் கலந்துகொள்ளும் வண்டி சாலைப் பதிவும் காப்பீடும் பெற்றிருக்க வேண்டும். ஆப்டிமா பாட்டரி நிறுவனத்தின் பெயர் தாங்கிய சாலை வண்டிப் போட்டித் தொடரோ இன்னும் ஒரு படி மேலே போய், கூம்புத் தடத்தோடு பொதுச் சாலையில் ஊர்வலமாக ஓட்டிக் காட்டுவதையும் ஓர் அங்கமாக வைத்திருக்கிறது. டிரக்குகளுக்கு அதில் தனிப் பிரிவும் உண்டு. முகப்பு விளக்கு, திசை காட்டும் விளக்கு, ஒலிப்பான், துடைப்பான், கண்ணாடிகள் எல்லாம் வேலை செய்ய வேண்டும். புகைபோக்கியின் ஓசை வரம்புக்குள் அடங்க வேண்டும். கலிபோர்னியாவில் சாலை வண்டிகளின் புகைபோக்கி ஓசைக்கு 95 டெசிபல் வரம்பு உண்டு. அதே மாநிலத்தில் 1975-ம் ஆண்டு வரையிலான பெட்ரோல் வண்டிகளுக்குக் காலமுறைப் புகைச் சோதனை இல்லை. அதற்குப் பிந்தையவற்றில் எஞ்சினை மாற்றினால், மாற்றிய எஞ்சின் வண்டியின் ஆண்டுக்குச் சமமாகவோ புதியதாகவோ இருக்க வேண்டும், அதன் புகைக் கட்டுப்பாட்டுக் கருவிகளும் உடன் வர வேண்டும், அரசின் சோதனை நடுவரும் அதை ஒப்புக்கொள்ள வேண்டும். 1972 வரையிலான சி10 இந்த முயற்சிக்கு உகந்ததாக இருப்பதில் சட்டத்துக்கும் பங்குண்டு. நேரம் கணக்கிடும் போட்டிகளில் நேரும் சேதத்தைப் பல காப்பீட்டு ஒப்பந்தங்கள் விலக்கிவிடுகின்றன என்பதால், அதையும் முன்கூட்டியே படித்துப் பார்த்துவிட வேண்டும்.

இந்தியாவில் நிலைமை வேறு. 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, உற்பத்தியாளர் குறித்த விவரங்களிலிருந்து மாறுபடும்படி வண்டியை உரிமையாளர் மாற்றுவதைத் தடுக்கிறது. உச்ச நீதிமன்றமும் 2019-ல் அதை உறுதிசெய்தது. இங்கே விவரிக்கப்படும் அளவிலான மாற்றம் செய்த வண்டியை இந்தியப் பொதுச் சாலையில் ஓட்ட இயலாது.

பாதுகாப்பில் ஒரு முரண்பாட்டையும் கவனிக்க வேண்டும். கவிழும் வண்டியில் ஓட்டுநரைக் காக்கும் இரும்புக் குழாய்க் கூண்டு, தலைக்கவசம் அணிந்திருக்கும் களத்தில் உயிர்காப்பது. ஆனால் தலைக்கவசமின்றிச் சாலையில் ஓட்டும்போது சிறு மோதலில்கூடத் தலை அந்தக் குழாயில் மோதினால் அதுவே ஆபத்தாகும். ஆகவே ஆட்டோகிராஸின் மிதமான வேகத்துக்கு, இருக்கைக்குப் பின்னால் நிற்கும் ஒற்றை வளைவுக் குழாயோடு நிறுத்திக்கொண்டு, சாலைக்கென மூன்று முனை இருக்கை வாரையும் நல்ல தலைச்சாய்வையும் வைத்துக்கொள்வது சமநிலையான தீர்வு. அந்தக் காலத்துப் பெஞ்சு இருக்கையில் வளைவுதோறும் ஓட்டுநர் வழுக்கிக்கொண்டே போவார் என்பதால், பக்கங்களில் அணைப்புள்ள இருக்கை ஆடம்பரம் அன்று; தன்னைப் பிடித்துக்கொள்ள ஸ்டீயரிங்கைப் பற்றியிருப்பவரால் வண்டியைத் திருப்ப முடியாது.

வண்டி ஒருவழியாக முடிந்ததும், ஓட்டுநர் அமர்ந்த நிலையில் நான்கு சக்கரங்களையும் தனித்தனித் தராசில் நிறுத்தி, மூலைவிட்ட எடைகள் சமமாக வரும்வரை வில்களின் உயரத்தைத் திருகிச் சரிசெய்வார்கள். களத்தில் டயரின் ஓரத்தில் சுண்ணக்கட்டியால் கோடு போட்டு, சுற்று முடிந்ததும் கோடு எதுவரை அழிந்திருக்கிறது என்று பார்த்தால் காற்றழுத்தம் போதுமா என்பது தெரிந்துவிடும். பக்கச் சுவர்வரை அழிந்திருந்தால் காற்று குறைவு. விளிம்பையே எட்டாதிருந்தால் மிகுதி. ஷாக் அப்சார்பரின் திருகு, ஆன்ட்டி ரோல் பாரின் துளை, காற்றழுத்தம் ஆகியவற்றில் ஒரு சுற்றுக்கு ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும். இரண்டைச் சேர்த்து மாற்றினால் எது பலன் தந்தது என்பதை அறிய வழியில்லை. குட்டையான, இலேசான ஸ்போர்ட்ஸ் கார்களோடு ஒப்பிட்டால் இத்தகைய பிக்கப் கூம்புகளுக்கு இடையே இன்னும் பெரிய உருவம்தான். ஓட்டுநர் அதன் மூக்கு எங்கே முடிகிறது, பின்சக்கரம் எந்தக் கோட்டில் வருகிறது என்பதை உடலால் அறிந்துகொள்ளவே பல போட்டிகள் பிடிக்கும். அந்த அறிவு வரும்வரை பழைய எஞ்சினையே வைத்துக்கொண்டு, கையில் உள்ள பணத்தை டயருக்கும் நுழைவுக் கட்டணத்துக்கும் ஒதுக்குபவரின் நேரம்தான் விரைவில் குறைகிறது.